மீட்புப் பகுதி இருக்கிறது என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள்

2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட் பலரைப் படுத்தி எடுத்தது. அக்கா வீட்டு லேப்டாப்பிலும் அதே கதைதான். இறங்கும், நிற்கும், 80070643 என்று பிழை எண் காட்டும். வைரஸாக இருக்குமோ என்று மாமாவுக்கு ஒரே பயம்.

வைரஸெல்லாம் இல்லை. டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாமல் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் பூட்டைத் தாண்டி உள்ளே நுழைய வழிவிடும் ஓர் ஓட்டையை அடைக்க வந்த அப்டேட் அது. டிஸ்க்கில் ஒதுக்கியிருக்கும் மீட்புப் பகுதியில், அதாவது ரெகவரி பார்ட்டிஷனில் போய் உட்கார வேண்டும். அங்கே இடம் போதவில்லை. அந்தப் பகுதியை 250 எம்பி பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே வழிமுறை கொடுத்திருந்தது.

கை வைப்பதற்கு முன், "பேக்கப் எங்கே மாமா?" என்று கேட்டேன்.

"அதான் போட்டோ எல்லாம் டி டிரைவில் இருக்கே. போதாததுக்கு ரெகவரி வேற இருக்குன்னு சொல்றாங்க."

நம்மூரில் பாதி வீடுகளில் இதே பதில்தான் கிடைக்கும். எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மீட்புப் பகுதியில் இருப்பதோ, விண்டோஸ் கிளம்பாதபோது பழுது பார்க்கும் கருவிகள் மட்டும். சில நூறு எம்பி அளவுள்ள ஒரு கோப்பு, அவ்வளவுதான். லேப்டாப் நிறுவனங்கள் சில தனியாகப் பல ஜிபியில் ஒரு பகுதி வைத்திருக்கும். அது கடையில் வாங்கிய அன்றைய நிலைக்கு மெஷினைக் கொண்டுபோகும். நம் கோப்புகளைத் திருப்பித் தராது.

அதனால் முதல் வேலை பேக்கப். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தேன். அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும். இல்லையென்றால் பாதித் தூக்கத்தில் இருக்கும் டிஸ்க்கை நகலெடுத்த மாதிரி ஆகிவிடும். ரெஸ்க்யூஸில்லா என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரு நகலாக, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்தேன். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, சார்ஜரைப் பிடுங்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும். இமேஜுக்குள் போய், பாப்பாவின் காதுகுத்துப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் தேடி, நாலைந்து படங்களைத் திறந்து காட்டினேன். அப்புறம்தான் அக்கா முகத்தில் நிம்மதி.

பார்ட்டிஷன் வேலை அதற்குப் பிறகுதான். டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மீட்புப் பகுதியின் மேல் ரைட் கிளிக் செய்தால் ஹெல்ப் தவிர வேறு எதுவும் வராது. வேண்டுமென்றே அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கட்டளைத் திரையில்தான் செய்ய வேண்டும். ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையால் மீட்பு வசதியை நிறுத்தினால், பழுது பார்க்கும் கருவிகள் இருக்கும் அந்தக் கோப்பு சி டிரைவுக்குள் வந்துவிடும். அப்புறம் பகுதிகளை மாற்றியமைக்கும் டிஸ்க்பார்ட் கட்டளையில் சி-யை 250 எம்பி சுருக்கி, ஒட்டியிருந்த பழைய பகுதியை நீக்கி, புதிதாக உருவாக்கி, அது மீட்புப் பகுதிதான் என்று காட்டும் அடையாளக் குறியீட்டையும் கொடுத்து, வசதியை மறுபடி இயக்கினேன். பகுதி எண்ணைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் அவசரமே கூடாது. எண் ஒன்று மாறினால் படங்கள் இருக்கும் டி-யே போய்விடலாம். நான் அளவையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். அப்டேட் அன்றைக்கே ஏறிவிட்டது.

பிட்லாக்கர் போட்ட மெஷின் என்றால், தொடங்குவதற்கு முன்பே 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். நடுவில் அதைக் கேட்டால், அதே கணினியில் தேட முடியாது.

பல வருடங்களாக அப்டேட் ஆகிவந்த கணினிகளில் இரண்டு மீட்புப் பகுதிகள்கூட இருக்கும். பழையதில் இடம் பற்றாதபோது விண்டோஸ் தானே இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளும். ஒன்று வீண் என்று அழிப்பதற்கு முன், ரீஏஜென்ட்சி இன்ஃபோ கொடுத்து, எது பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பகுதியின் எண் அதிலேயே வரும்.