அந்தமானிலிருந்து புள்ளிமான்களை அகற்றலாமா?

வேளச்சேரி வாசகர்:
கிண்டியில் வேலியோரம் நின்று நாம் ரசிக்கும் புள்ளிமான் அந்தமான் காடுகளுக்கு அயல் விலங்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்ட மான்கள், புலியோ சிறுத்தையோ செந்நாயோ இல்லாத அந்தத் தீவுகளில் பெருகி, கடலை நீந்திக் கடந்து அடுத்தடுத்த தீவுகளுக்கும் பரவிவிட்டன. மரக்கன்றுகளை அவை மேய்ந்துவிடுவதால் முதிய மரம் விழுந்த இடத்தில் புதியது தலைதூக்குவதில்லை. கீழடுக்குச் செடிகள் குறைந்த இடங்களில் பல்லி, ஓணான் இனங்களும் குறைந்திருப்பதைக் கள ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றில் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆகவே, சிறு தீவுகளில் தொடங்கி மான்களை அகற்ற வேண்டும் என்கிறேன். அகற்றுவது என்றால் பெரும்பாலும் கொல்வதுதான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மயிலாப்பூர் அன்பர்:
ஐயா, ஒரு நூற்றாண்டாக அங்கேயே பிறந்து வளர்ந்த உயிரை இன்னும் அயல் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்தக் காடுகளை முதலில் வெட்டியது மரத்தொழில். அந்தமானின் இன்டர்வியூ தீவில் இயங்கிய மர நிறுவனம் 1962இல் மூடப்பட்டபோது அதன் யானைகள் காட்டிலேயே விடப்பட்டன. அவையும் மரங்களைச் சிதைத்திருக்கின்றன. அவற்றையும் சுடச் சொல்வீர்களா? கருத்தடை செய்யுங்கள், பிடித்து வேறிடம் கொண்டுசெல்லுங்கள்.

வேளச்சேரி வாசகர்:
யானையைச் சுடச் சொல்லமாட்டேன். அது மெதுவாகப் பெருகுவது. பழக்கிப் பிடிக்கவும் வழி உண்டு. புள்ளிமானோ பிடிபடும் அதிர்ச்சியிலேயே இறந்துவிடக்கூடியது. அடர்ந்த மழைக்காட்டில் ஒவ்வொரு பெண்மானையும் தேடிப் பிடித்துக் கருத்தடை செய்ய முடியாது. விடுபட்ட சிலவே சில ஆண்டுகளில் பழைய எண்ணிக்கையை எட்டிவிடும்.

பெசன்ட் நகர் ஆசிரியை:
இருவரும் மக்குவாரி தீவின் அனுபவத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான அத்தீவில், கடற்பறவைகளைக் காக்க 2000ஆம் ஆண்டில் பூனைகளை ஒழித்து முடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் முயல்கள் பெருகி மலைச்சரிவுகளை மொட்டையாக்கின. பூனைகள் போனதுதான் முதன்மைக் காரணமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிறகு நஞ்சு கலந்த இரையைத் தூவி முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒருசேர அகற்றி, 2014இல் வெற்றியை அறிவித்தார்கள். இடையில் பறவைகளும் நஞ்சுக்கு இரையாயின. ஆனால் புல்வெளி மீண்டது. அந்தமானில் நஞ்சைப் பற்றி நினைக்கவே கூடாது, அங்கே காட்டுப்பன்றி மண்ணுக்குரிய விலங்கு; அதுவும் நஞ்சுக்கு இரையாகிவிடும்.

மயிலாப்பூர் அன்பர்:
அம்மா, தாங்கள் சொன்னதைக் கேட்டபின் ஒன்றுக்கு உடன்படுகிறேன்: மான் புகாத வேலியிட்டு ஒரு பகுதியைக் காத்து, கன்றுகள் எழுகின்றனவா என்று முதலில் பார்க்கலாம். கொல்வதை இன்னும் ஏற்கவில்லை. நீந்தத் தெரிந்த விலங்கை ஒரு தீவில் ஒழித்தால், பக்கத்துத் தீவிலிருந்து திரும்பி வராதா? அப்படியானால் ஆண்டுதோறும் கொன்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேளச்சேரி வாசகர்:
மிகச் சரியான கேள்வி. அதனால்தான் எல்லாத் தீவுகளிலும் என்று நான் கேட்கவில்லை. மான்கள் உள்ள மற்றத் தீவுகளிலிருந்து அகன்ற கடலால் பிரிந்து, மண்ணுக்குரிய இனங்கள் மிகுந்திருக்கும் சிறு தீவுகளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். நீரிணை குறுகலாக உள்ள இடங்களில் தங்கள் வேலிதான் சரியான வழி.