60 கிகாஹெர்ட்ஸில் நாங்கள் கடைந்த டெஃப்ளான் லென்ஸ்

லென்ஸ் ஆண்டெனா (கண்ணாடி லென்ஸ் ஒளியைக் குவிப்பதுபோல ரேடியோ அலையைக் குவிப்பது) செய்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று இங்கே கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு என் முதுகலை புராஜெக்ட்தான் ஞாபகம் வருகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள டெஃப்ளான் உருளை ஒன்றை வாங்கி லேத்தில் கடைந்தோம். ஒரு பக்கம் தட்டை, ஹார்னை (அலையை லென்ஸுக்கு அனுப்பும் கொம்பு வடிவக் குழாயை) பார்க்கும் பக்கம் குவிவு. டெஃப்ளான் மெத்தென்று இருக்கும். லேத்தின் பிடியான சக்கில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே நசுங்கிவிடும். கடையும் சூட்டில் அளவும் மாறும். முதல் இரண்டு துண்டுகள் வீணாகின.

60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மி.மீ.தான். (1890களிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இவ்வளவு குட்டி அலைகளை உண்டாக்கி, அவற்றுக்கு லென்ஸும் பட்டகமும் செய்து பார்த்தவர். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.) ஆக எங்கள் லென்ஸின் அகலம் 20 அலைநீளம். லென்ஸிலிருந்து போகும் அலைக்கற்றை, அதாவது பீம், சுமார் 3.5 டிகிரிக்குக் குறுகியிருக்க வேண்டும். ஆனால் கெயின் (அலையை ஒரே திசையில் குவிக்கும் திறன்) கணக்கைவிட 1 டிபிக்கு (டெசிபலுக்கு) மேல் குறைந்தது. அளந்து வரைந்த படத்தில் பீமின் இரு பக்கமும் தோள்பட்டை போல உப்பி, ஆழமாக விழ வேண்டிய பள்ளங்கள் தூர்ந்து கிடந்தன. அலைவழிகாட்டி (அலையை ஹார்னுக்குக் கொண்டுவரும் உலோகக் குழாய்) இணைப்புகளை எல்லாம் கழற்றி மாட்டினோம். மாற்றமே இல்லை. இரண்டு வாரம் போனது.

கடைசியில் லேப் அண்ணன்தான் கேட்டார், "தூரத்தை எங்கிருந்து அளந்தீங்க?" 5 செ.மீ. குவியத் தூரத்தை ஹார்னின் வாயிலிருந்து அளந்திருந்தோம். அலை கிளம்புவதாகத் தோன்றும் இடம், அதாவது ஃபேஸ் சென்டர், வாய்க்குள்ளே தள்ளி இருந்தது. ஹார்னை அரை அரை மில்லிமீட்டராக லென்ஸ் பக்கம் நகர்த்தினோம். 10 மி.மீ. அளவுக்கு வந்ததும் தோள்கள் வடிந்து பள்ளங்கள் கூர்மையாகத் தெரிந்தன. அன்று எங்கள் லேபில் யாரும் சாப்பிடப் போகவில்லை.

*

அண்ணா, உங்கள் டெஃப்ளான் லென்ஸ் கதையைப் படித்தேன். நான் லேத் கிடைக்காமல் 3டி பிரிண்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் கொண்டு இதே அளவில் செய்தேன். பிஎல்ஏவின் ஒளிவிலகல் எண் கூடுதல் என்பதால் லென்ஸ் மெலிந்து, நடுவில் 2.4 செ.மீ. போதுமானதாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். அளந்தால் பிளாஸ்டிக்கே 2 டிபியை விழுங்கியிருந்தது! டெஃப்ளானில் இந்த இழப்பு 0.1 டிபிகூட வராது. உங்களுக்குப் பொருளில் பிரச்சினை இல்லை, எனக்கு அதுதான் பிரச்சினை.

ஆனாலும் பிரிண்டரை விட மனம் வரவில்லை. உள்ளே நிரப்பும் அடர்த்தியைக் குறைத்தால் மின்காப்பு மாறிலியும் (ஒளிவிலகல் எண்ணைத் தீர்மானிப்பது இதுதான்) இறங்குகிறது. ஒரு பந்தில் அதை நடுவில் 2, விளிம்பில் 1 என்று படிப்படியாக இறக்கினால் அதுதான் லூனபர்க் லென்ஸ். அதில் ஊட்டும் ஹார்னைப் பந்தின் எந்தப் பக்கம் வைத்தாலும் பீம் எதிர்ப்பக்கம் நேராகப் போகும். லேத்தில் இதைக் கடையவே முடியாது. இழப்பு குறைந்த பிரிண்டர் இழை கிடைத்ததும் 6 செ.மீ. பந்து ஒன்றை அச்சிடப் போகிறேன்.