வீட்டுச் சேமிப்பு வழங்கி: ஆயத்தப் பெட்டியா, பாவித்த கணினியா?

கடற்கரைத்தெரு:
கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் குடியிருக்கிறோம். குடும்பப் படங்களும் அலுவலகக் கோப்புகளும் சேர்ந்து மூன்று டிபியை (டெராபைட்டை) தொட்டுவிட்டன. இரண்டு வன்தட்டு பிடிக்கும் சினாலஜி நிறுவனத்தின் ஆயத்தச் சேமிப்புப் பெட்டி வாங்குவதா, கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் பாவித்த மேசைக்கணினி எடுத்து ட்ரூநாஸ் என்ற சேமிப்பு மென்பொருளை நிறுவுவதா?

பழையஇரும்பு:
பாவித்ததையே எடுங்கள். ஆயத்தப் பெட்டிக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி மென்பொருளுக்கே போகிறது. உத்தரவாதம் முடிந்தபின் அதன் பலகை செத்தால் அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியைத் தேடி அலைய வேண்டும். ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் கோப்புமுறையில் எழுதிய தட்டுகளையோ அந்த முறையை ஆதரிக்கும் எந்தக் கணினியிலும் செருகித் திறக்கலாம்.

மின்கணக்கு:
அலைய வேண்டியதில்லை. சினாலஜியும் உள்ளே, பல தட்டுகளை ஒன்றாக இயக்கும் லினக்ஸின் ரெய்டு முறையையே பயன்படுத்துவதால், தட்டுகளை உபுண்டு (ஒருவகை லினக்ஸ்) கணினியில் செருகித் தரவை மீட்கலாம். அதற்கான வழிமுறையை அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. என் கவலை மின்பட்டியல். இரவுபகலாக 35 வாட் இழுக்கும் கணினி மாதம் சுமார் 25 அலகு தின்னும், 15 வாட் பெட்டிக்கு 11 அலகு போதும். நம் வீட்டுக் கட்டணம் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவதால், படியின் விளிம்பில் நிற்கும் வீட்டில் அந்தப் 14 அலகு நிலையான கட்டணத்தையும் சேர்த்தே உயர்த்திவிடும். பாவித்ததைத்தான் எடுப்பீர்கள் என்றால் கடையிலேயே மூடியைக் கழற்றச் சொல்லி, நினைவகச் செருகிகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோர வீடுகளிலிருந்து வந்தவற்றை உப்புக்காற்று அரித்திருக்கும்.

தட்டுக்காரன்:
இருவருமே தட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. எஸ்எம்ஆர் என்ற வகைத் தட்டில் தரவு எழுதப்படும் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால், ஓரிடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பழுதான தட்டுக்குப் பதிலாக அப்படியொன்றைப் போட்டால் ரெய்டு மீளமைப்பு இழுபடும், சிலவேளை தோற்றும் போகும். தன் 2 முதல் 6 டிபி வரையான ‘ரெட்’ வகைத் தட்டுகளில் இம்முறை இருந்ததைத் தட்டு தயாரிப்பாளரான வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 இல் ஒப்புக்கொண்டு, தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் தட்டுகளை ரெட் பிளஸ் என்று பிரித்தது. விலைச்சிட்டையில் ‘பிளஸ்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸும் வேண்டும்; எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதை எந்தத் தட்டும் விரும்பாது.

மின்கணக்கு:
கடற்கரைத்தெரு, சென்ற மாதம் எத்தனை அலகு?

கடற்கரைத்தெரு:
107.

மின்கணக்கு:
பெட்டியோடு 118, கணினியோடு 132. 120 இன் படி நடுவில் நிற்கிறது.

பழையஇரும்பு:
இரவில் யார் படம் பார்க்கப் போகிறார்கள்? கணினி இரவு தானாக அணைந்து காலையில் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) குறித்த நேரப்படி எழும்ப வைக்கலாம். நாளில் பன்னிரண்டு மணிநேரம் அணைந்திருந்தால் 12.6 அலகுதான்; 107 உடன் கூட்டிப் பாருங்கள், 120 ஐத் தாண்டாது.