ஆலை வாயுவில் நானோகுழாய்: "உலோகமே இல்லை" என்றால் இரும்பு எங்கே போனது?

ஆறாம்_கட்டை:
மலேசியாவில் நம்ம பெஸ்தாரி ஜெயா ஊர்க் குழுவில் குளக்கரை என்பவர் நேற்றுப் போட்டதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. "செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்து மீத்தேனை உடைத்தால் ஹைட்ரஜனும் கார்பன் நானோகுழாயும் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) கிடைக்கும். குழாயில் நைட்ரஜன் ஏற்றினால் எரிபொருள் கலத்துக்கு (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் கருவி) பிளாட்டினமே வேண்டாம், உலோகமே இல்லாத வினையூக்கி" என்கிறார். முதல் பாதி சரி. 16 கிலோ மீத்தேன் முழுசாக உடைந்தால் 12 கிலோ கார்பன், 4 கிலோ ஹைட்ரஜன். ஆனால் குழாய் வளர்ந்ததே இரும்புத் துகள் மேல்தானே? அந்த இரும்பு எங்கே? 100 மில்லிகிராமைக் காற்றில் 900 டிகிரி வரை எரித்து, மிஞ்சிய சாம்பலை எடை போட்டீர்களா? சிவப்பாக இருந்தால் ஃபெரிக் ஆக்சைடு. எடையை 0.7-ஆல் பெருக்கினால் இரும்பின் எடை. எண்ணைச் சொல்லுங்கள்.

குளக்கரை:
அண்ணே, 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, வடிநீர்ல அமிலம் போற வரைக்கும் கழுவினா இரும்பு போயிடும். எக்ஸ்பிஎஸ்-ல, அதாவது எக்ஸ்ரே அடிச்சு மேற்பரப்புத் தனிமங்களைப் பார்க்கிற சோதனையில, இரும்புக்கான உச்சியே வராது. 2009-ல சயன்ஸ் இதழ்ல லிமிங் டை குழு நைட்ரஜன் ஏத்தின நானோகுழாயைப் போட்டாங்க. காரக் கரைசல்ல ஆக்சிஜன் வினையில பிளாட்டினத்தையே மிஞ்சுச்சு. அதைப் படிச்சிட்டு வாங்க.

ஆறாம்_கட்டை:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். அந்தக் குழாயை இரும்பு தாலோசயனினை (இரும்பும் நைட்ரஜனும் உள்ள சேர்மம்) அம்மோனியாவில் சுட்டுத்தான் வளர்த்தார்கள். பிறகு இரும்பைக் களைய மின்வேதி முறையில் தனியாக ஒரு சுத்திகரிப்பு செய்தார்கள். உங்கள் ஊறல் அது அல்ல. வெளியே தெரியும் இரும்பைத்தான் அமிலம் கரைக்கும். கரி ஓட்டுக்குள் அடைபட்ட துகளை அது தொடவே தொடாது. எக்ஸ்பிஎஸ் பார்ப்பது மேற்பரப்பில் சில நானோமீட்டர் ஆழம் மட்டும், உள்ளே கிடக்கும் இரும்பு அதற்குத் தெரியாது. முதலில் கார்பனை முழுசாக எரித்து, சாம்பலைச் சூடான அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஐசிபி-யில் (கரைசலில் உள்ள உலோகத்தை அளக்கும் கருவி) அளக்க வேண்டும். சாம்பல் எத்தனை மில்லிகிராம்?

லயத்து_வாசி:
இரும்பு இருந்தா இருக்கட்டும் லா. நானோகுழாய்க்கு உண்மையான சந்தை பேட்டரிதான். லித்தியம் பேட்டரி நேர்முனையில கரித்தூள் 2, 3 சதவீதம் போடற இடத்துல நானோகுழாய் 1 சதவீதத்துக்குள்ள போதும்.

ஆறாம்_கட்டை:
பேட்டரியில்தான் இரும்பு இன்னும் ஆபத்து. நேர்முனையில் கரைந்து எதிர்முனையில் போய்ப் படியும், அங்கிருந்து பிரிப்புத் தாளைத் துளைத்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். அதனால்தான் 2,500 டிகிரிக்கு மேல் சுட்டு இரும்பை ஆவியாக்குகிறார்கள். அப்படிச் சுட்டால் குளக்கரை ஏற்றிய நைட்ரஜனும் சேர்ந்து போய்விடும். எனவே திரும்பவும் சாம்பல்.

குளக்கரை:
வரிசையை மாத்தினா ஆச்சு. முதல்ல அதிக வெப்பத்துல இரும்பை எடு. அப்புறம் நைட்ரிக் அமிலத்துல கொதிக்கவெச்சு சுவர்ல குறை உண்டாக்கு. அப்புறம் 800 டிகிரியில அம்மோனியா. இது தெரியாம யாரும் பேசல.

ஆறாம்_கட்டை:
நேற்றைய பதிவில் இந்த வரிசை எங்கே இருந்தது? அங்கே இருந்தது ஃபெரோசின் (குழாய் வளர்க்கும் இரும்புச் சேர்மம்), அமில ஊறல், அவ்வளவுதான். அவ்வளவு சூட்டில் சுவர் சீராகிவிட்டால் நைட்ரஜன் உட்கார இடமும் குறையும். 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டு காம்ப்டன் குழு, நானோகுழாய் மின்முனையில் ஹைட்ரஜன் பெராக்சைடை உணர்வது குழாய் அல்ல, அதில் மிஞ்சிய இரும்பு ஆக்சைடு என்று காட்டியது. அதன் பிறகும் சாம்பலை எடை போடாமல் எழுதுவது தப்பு.

பாய்லர்_அண்ணன்:
நீங்க ரெண்டு பேரும் குளத்தைப் பார்க்கவே இல்ல. ஆலை வாயுல மீத்தேன் 60, 65 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதான் கந்தக வாயு, ஆயிரம் பிபிஎம்-ஐ (பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு) தாண்டும். நிக்கலோ இரும்போ, இவ்வளவு கந்தகம் பட்டா வேலை குறைஞ்சுபோகும். கார்பன் டை ஆக்சைடு அந்தச் சூட்டுல வளர்ந்த குழாயையே தின்னு கார்பன் மோனாக்சைடு ஆக்கும். முதல்ல வாயுவைக் கழுவ கழுவு கோபுரம், அப்புறம் மிச்சக் கந்தகத்தைப் பிடிக்க 350 டிகிரியில துத்தநாக ஆக்சைடுப் படுக்கை. இதுக்குச் செலவு யார் தர்றது?

லயத்து_வாசி:
அண்ணே, போன மாசம் பனங்கொட்டை ஓட்டுக் கரி விவாதத்துலயும் இதே செலவுக் கணக்கைத்தான் போட்டீங்க. யாரு என்ன சொன்னாலும் உங்களுக்குச் செலவுதான்.

பாய்லர்_அண்ணன்:
அப்போ நீங்க பதில் சொல்லாம ஓடினீங்க. இப்பவும் பதில் இல்ல.

குளக்கரை:
கந்தகத்தை அப்புறம் பேசலாம். இரும்பே இல்லாம வேலை நடக்கும்னு 2016-ல சுகுபா பல்கலைக்கழக நாகமுரா குழு சயன்ஸ்லயே காட்டிட்டாங்க. பிரிடின் வகை நைட்ரஜனுக்கு (கார்பன் வளையத்துல ரெண்டு கார்பனோட சேர்ந்த நைட்ரஜன்) பக்கத்துல இருக்கிற கார்பன்தான் ஆக்சிஜனைப் பிடிக்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?

ஆறாம்_கட்டை:
அது கிராஃபைட் மாதிரி மேற்பரப்பு, இரும்பில் வளர்ந்த நானோகுழாய் அல்ல. கார்பனால் முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் பொடியில் அந்த வேலையைச் செய்தது கார்பன்தானா என்பதே கேள்வி. இரும்பு, நைட்ரஜன், கார்பன் சேர்ந்த வினையூக்கியில் இரும்பு 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே நன்றாக ஓடும். 100 மில்லிகிராம் பொடியில் 2 மில்லிகிராம் சாம்பல் மிஞ்சினால் இரும்பு 1.4 மில்லிகிராம். அதுவே போதும். சாம்பல் எத்தனை?

லயத்து_வாசி:
பொட்டாசியம் சயனைடு சோதனை செய்ங்க. இரும்பு இருந்தா சயனைடு ஒட்டிக்கும், மின்னோட்டம் விழும்.

ஆறாம்_கட்டை:
காரக் கரைசலில் மட்டும், புகைக்கூண்டுக்குள். ஒரு துளி அமிலம் கலந்தாலும் ஹைட்ரஜன் சயனைடு வாயு, உயிர் போகும். மின்னோட்டம் விழவில்லை என்றாலும் இரும்பு இல்லை என்று ஆகாது, ஓட்டுக்குள் இருப்பதைச் சயனைடும் எட்டாது. இன்னொன்று. குளக்கரை போட்ட வரைபடத்தின் கீழே "துணை மின்முனை: பிளாட்டினக் கம்பி" என்று இருக்கிறது. கம்பியிலிருந்து பிளாட்டினம் கரைந்து உங்கள் பொடி மேல் படிந்தால், அப்புறம் பிளாட்டினம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வீர்கள்? கிராஃபைட் தண்டு வையுங்கள்.

குளக்கரை:
அது அமிலத்துல நடக்கிற கதை. நான் ஓட்டினது 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மின்முனை நிமிஷத்துக்கு 1,600 சுற்று. 5 மில்லிகிராம் பொடியை 1 மில்லிலிட்டர் ஆல்கஹால் கலந்த தண்ணீர்ல போட்டு, கொஞ்சம் நாஃபியான் (பொடியை ஒட்டவைக்கிற பாலிமர்) விட்டு, அரை மணி நேரம் அல்ட்ராசோனிக். அதுல 10 மைக்ரோலிட்டர், 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்முனைத் தட்டு மேல. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.25 மில்லிகிராம். எல்லாம் முறைப்படிதான்.

ஆறாம்_கட்டை:
பொடியை மையாகக் கலக்கிய கணக்கு முழுசாக இருக்கிறது. சாம்பல் கணக்கு மட்டும் இல்லை.

பாய்லர்_அண்ணன்:
கந்தகத்துக்கும் கணக்கு இல்ல. கழுவு கோபுரம் இல்லாத குளத்துல நானோகுழாய் ஒழுங்கா வளராது.

லயத்து_வாசி:
திரும்பவும் கோபுரமா? குப்பி வாயு மீத்தேன்ல செஞ்சா கந்தகமே கிடையாது லா.

பாய்லர்_அண்ணன்:
அப்புறம் எதுக்குத் தலைப்புல ஆலை வாயு?