கூகிளிலை கடைப்பெயரைத் தட்டினா யப்பான் மொழி: வேர்ட்பிரஸ்ஸை விடுவமோ?

குறுக்குத்தெருக்காரன்:
புறக்கோட்டையிலை எங்கடை துணிக்கடை. சைட் வேர்ட்பிரஸ்ஸிலை, அதாவது சைட் கட்டுற மென்பொருளிலை, ஓடுது. கூகிளிலை எங்கடை பெயரைத் தேடினா யப்பான் மொழியிலை கைப்பை விக்கிற பக்கங்கள் வருது. நேரே சைட்டைத் திறந்தா பிழையொண்டும் தெரியேல்லை. செய்துதந்த பொடியன் காசுக்கு விக்கிற தீமை, அதுதான் சைட்டின்ரை தோற்றத்துக்கான பொதியை, ஆரோ உடைச்சு விட்ட இடத்திலையிருந்து சும்மா எடுத்துப் போட்டிருக்கிறான். (“தீமை” எண்டு எழுதேக்கையே விளங்கியிருக்கவேணும்.) ட்ரூபல் எண்ட மற்ற மென்பொருளுக்குப் போகட்டோ?

கல்கிசைக்காகம்:
போங்கோ. வேர்ட்பிரஸ் எண்டா திறந்த வீட்டுக்குள்ள நாய் பூந்த கதைதான். 2020 இலை ஃபைல் மேனேஜர் எண்ட பிளகினிலை (மேலதிக வசதிக்குப் பூட்டுற துண்டு மென்பொருள்) ஓட்டை. 7 இலட்சம் சைட்டிலை அது இருந்தது, பாஸ்வேர்டே இல்லாமல் ஆரும் ஃபைல் ஏத்தலாம். ட்ரூபலிலை பாதுகாப்புக்கெண்டே ஒரு குழு இருக்கு.

வெள்ளவத்தைச்சாந்தி:
காகம் அண்ணை, 2014 ஒக்டோபர் 15 மறந்துபோச்சோ? ட்ரூபல் 7 இலை எஸ்கியூஎல் (டேட்டாபேஸோடை பேசுற மொழி) ஓட்டை. திருத்தம் வரேக்க கொழும்பிலை இரவு ஒன்பதரை. ஏழு மணித்தியாலத்துக்குள்ள போடாத சைட் பறிபோனதெண்டே எடுங்கோ எண்டு பிறகு சொன்னது நீங்கள் சொல்லுற அதே குழுதான். விடிய நாலரைக்குள்ள எந்தத் துணிக்கடையிலை ஆர் முழிச்சிருந்து திருத்தம் போட்டது?
வேர்ட்பிரஸ் 2013 இலையிருந்து சின்னத் திருத்தங்களைத் தானாப் போடுது. பிளகினுக்கும் தீமுக்கும் 5.5 பதிப்பிலையிருந்து அந்த வசதி இருக்கு, நாங்கள்தான் அதை இயக்கிவிடவேணும். ஆனா களவெடுத்த தீமுக்கு ஆர் திருத்தம் அனுப்புவினம்?

கல்கிசைக்காகம்:
தானாப் போட்டு ஓடர் பக்கம் விழுந்தா? தீபாவளிக்கு முதல் கிழமை என்ரை கிளையண்ட் ஒராளுக்கு விழுந்தது. அந்தாள் பேசின பேச்சு இன்னும் காதுக்குள்ள நிக்குது.

வெள்ளவத்தைச்சாந்தி:
பெக்கப் இருந்ததோ, அண்ணை?

கல்கிசைக்காகம்:
இருந்தது. அதே சேர்வரிலை.

மருதானைநிசாம்:
மாசத்துக்கு ஒருக்கா விலை மாத்துற கடைக்கு டேட்டாபேஸ் எதுக்கு? வெறும் எச்டிஎம்எல் பக்கம், கையால எழுதி வெக்கிற பக்கம், போடுங்க. லொகின் இல்லாட்டி உடைக்கிறதுக்கும் லொகின் இல்ல.

குறுக்குத்தெருக்காரன்:
நிசாம் பாய், அப்பா கிழமைக்குக் கிழமை புதுச் சாறிப் படம் தானே ஏத்துறவர். எச்டிஎம்எல் எண்டா என்னைத்தான் இருத்துவார்.

வெள்ளவத்தைச்சாந்தி:
அப்ப வேர்ட்பிரஸ்ஸிலையே நில்லுங்கோ தம்பி. ஆனா எல்லாத்தையும் வழிச்செறிஞ்சு புதுசாப் பூட்டுங்கோ. படங்கள் இருக்கிற ஃபோல்டருக்குள்ள பிஎச்பி ஃபைல் (சேர்வரிலை ஓடுற நிரல்) ஒண்டும் இருக்கக்கூடாது. தெரியாத அட்மின் இருக்கோ பாருங்கோ. கூகிள் சேர்ச் கொன்சோலையும் (சைட் உரிமையாளருக்குக் கூகிள் தாற கருவி) பாருங்கோ, இந்த யப்பான்மொழிக் கூட்டம் அங்கையும் தங்களை உரிமையாளரெண்டு சேர்க்கிறது வழக்கம். அப்பாவுக்கு அட்மின் அதிகாரம் வேண்டாம், படம் ஏத்த எடிட்டர் அதிகாரம் காணும். டொமைன் (சைட்டின்ரை முகவரி) ஆரின்ரை பேரிலை?

குறுக்குத்தெருக்காரன்:
இப்பத்தான் பாத்தன் அக்கா. பொடியன்ரை பேரிலை. அவன் போன மாசம் கட்டாருக்குப் போட்டான்.