புதுப்பிப்பு: மதுரையிலிருந்து போய் ஆழ்பனியில் கூடாரம் போட்டாச்சு

எங்க இளைஞர் மன்றப் பிள்ளைகள் 14 பேரோடு பனியில் கூடாரம் போட்டுத் தங்க இடம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"கொடைக்கானலில் உறைபனிதான்; முழங்கால் ஆழத்துக்குப் பனி வேணும்னா உத்தராகண்ட் கேதார்காந்தா மலைக்குப் போங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதே சரி. சம்பர்க் கிராந்தி ரயிலில் டெல்லி, அப்புறம் டேராடூன், மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமம். பிப்ரவரியில் ஜூடா கா தாலாப் ஏரிக்குப் பக்கத்தில் தங்கினோம். ஏரியே உறைந்து கிடந்தது!

எதிர்பாராதது ஒன்று: பொடிப்பனியில் கூடார முளை நிற்கவே இல்லை. அதனால் துணிப்பைகளில் பனியை அடைத்து, கூடாரக் கயிற்றை அதில் கட்டி, புதைத்து மிதித்தோம். கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலிருந்துதான் உறையும், அப்போதுதான் மூடிப்பக்கம் அடைக்காது. செல்லூர்ப் பையன் ஒருவன் ராத்திரி முழுக்க பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தான்.