புதுப்பிப்பு: வளைந்த பேனலில் கார்பெட் ஒட்டியாயிற்று

காரின் பின்பக்க வீல் ஆர்ச் பேனலில் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் பகுதி) கார்பெட் ஒட்டினால் வளைவில் சுருக்கம் விழுமே என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்தது, சுருக்கம் இல்லை. பாதிப் புண்ணியம் துணிக்குத்தான்: பின்புறம் ரப்பர் பூச்சு இல்லாத, எந்தப் பக்கமும் இழுபடும் பாலியஸ்டர் கார்பெட். பூச்சு உள்ளது தரைக்குச் சரி, குழிக்குள் இறங்காது. வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே பசையை இரண்டு பக்கமும் அடித்து, தொட்டால் பிசுபிசுக்கும், ஆனால் விரலோடு வராத பதம் வரும்வரை விட்டேன். அப்புறம் ஆழமான குழியில் முதலில் அழுத்தி, அங்கிருந்து வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனேன். முரண்டு பிடித்த மூலையில் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டியதும் துணி இளகிப் படிந்தது. ஒரே இடத்தில் நிறுத்தினால் இழை உருகிவிடும். ஏர்பேக் உள்ள பில்லரையும் (கூரையைத் தாங்கும் தூண்) மூடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், ஏர்பேக் விரிய வழி வேண்டும்.